டிவி கேஸ்னா டெலிவிஷன் கேஸ் இல்ல: குடும்ப வன்முறை சட்டம் பத்தி புதுசா தெரிஞ்சுக்கறவங்களுக்கு

எங்க தெருவுல ஒரு அக்கா புருஷன் வீட்டுக்காரங்க மேல டிவி கேஸ் போட்டிருக்காங்கன்னு சொன்னதும் எங்க பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏன்டி, வீட்டுல இருந்த டிவிய தூக்கிட்டு போய்ட்டானா அவன்?" எல்லாரும் சிரிச்சுட்டோம். ஆனா பின்னாடி சட்டத்த படிச்சப்போதான் தெரிஞ்சுது, பெரியம்மா அப்படி ஒண்ணும் தப்பா கேட்டுடல. அம்மா வீட்டு சீரா வந்த டிவிய, பீரோவ, கட்டில புருஷன் கேக்காம கொள்ளாம தூக்கிட்டுப் போய் வித்தா அதுவும் இந்த சட்டத்துல வன்முறைதான்.

டிவிங்கறது டொமஸ்டிக் வயலன்ஸோட சுருக்கம். முழுப்பேரு குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. வக்கீலுங்கள்ல இருந்து கோர்ட் வாசல்ல மனு டைப் அடிக்கறவர் வரைக்கும் எல்லாரும் டிவி ஆக்ட், டிவி கேஸ்னுதான் சொல்றாங்க, நானும் அப்படியே எழுதறேன். நான் வக்கீல் கிடையாது. அந்த அக்காவுக்குத் துணைக்குப் போய் கலெக்டர் ஆபீஸ் படியும் கோர்ட் பெஞ்சும் தேய்ச்சதுல தெரிஞ்சுகிட்டது, அப்புறம் சட்டத்தையே எடுத்து வச்சு உக்காந்து படிச்சது, ரெண்டும் சேர்ந்துதான் இது.

முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துடலாம். நம்ம ஊர்ல ஒரு பொண்ணு அடி வாங்கிட்டு அம்மா வீட்டுக்கு வந்தா ரெண்டே ரெண்டு யோசனைதான் சொல்லுவாங்க, ஒண்ணு பொறுத்துப் போ, இல்லன்னா மகளிர் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து உள்ள தள்ளு. ரெண்டாவது யோசனைய கேட்டதுமே பாதிப் பொண்ணுங்க பின்வாங்கிடுவாங்க, ஏன்னா அவன் ஜெயிலுக்குப் போனா வேலை போயிடும், பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுவா, வெளிய வந்து இன்னும் ரெண்டு மடங்கு அடிச்சா என்ன பண்றது. அவங்க கேக்கறதெல்லாம் வேற. அவன் கை ஓங்காம இருக்கணும், ராத்திரியோட ராத்திரியா வெளிய தள்ளாம இருக்கணும், மாசாமாசம் செலவுக்குக் காசு வரணும். இந்த மூணையும் கோர்ட் ஆர்டரா வாங்கறதுக்கு வந்த சட்டம்தான் டிவி ஆக்ட்.

498ஏ-ன்னு எல்லாரும் சொல்ற செக்‌ஷன் வேற. அது 1983ல இந்திய தண்டனைச் சட்டத்துல சேர்த்தது, புருஷனோ அவன் சொந்தக்காரங்களோ கொடுமை பண்ணா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். 2024 ஜூலை 1ல இருந்து புது சட்டம் வந்ததால அது இப்போ பாரதிய நியாய சன்ஹிதாவோட 85, 86 செக்‌ஷன். அங்க போலீஸ் எஃப்ஐஆர் போட்டு அரசாங்கம் கேஸ் நடத்தும். டிவி கேஸ்ல எடுத்ததும் எஃப்ஐஆர் கிடையாது, கைது கிடையாது, பாதிக்கப்பட்ட பொண்ணு மாஜிஸ்ட்ரேட்கிட்ட மனு போட்டு இந்த இந்த ஆர்டர் வேணும்னு கேக்கறாங்க, அவ்ளோதான். டைவர்ஸ் அதுக்கும் வேற, அது ஃபேமிலி கோர்ட் சமாச்சாரம். டிவி கேஸ் போட்டா டைவர்ஸ் பண்ணியே ஆகணும்னு இல்ல, கல்யாணம் அப்படியே இருக்கும், அதே வீட்டுல இருந்துகிட்டே கேஸ் நடத்தலாம். வேணும்னா மூணையும் ஒண்ணா நடத்தலாம், சட்டம் தடுக்கல.

யாரெல்லாம் போடலாம்? பொண்டாட்டி மட்டும்தான்னு நிறைய பேர் நினைச்சுட்டிருக்காங்க. ஒரே வீட்டுல ஒண்ணா இருக்கற, இல்ல முன்னாடி ஒண்ணா இருந்த எந்தப் பொண்ணும் போடலாம், ரத்த உறவு, கல்யாண உறவு, தத்து, கூட்டுக் குடும்பம் எதுவா இருந்தாலும். குடிச்சுட்டு வந்து அடிக்கற மகன் மேல அம்மா போடலாம், காலேஜுக்கு அனுப்பாம பூட்டி வைக்கற அப்பன் மேல மக போடலாம், புருஷன் செத்ததும் துணிமணிய வாசல்ல எறியற மச்சினன் மேல அண்ணி போடலாம். தாலி கட்டாம சேர்ந்து வாழ்ந்தவங்களும் போடலாம், ஆனா அதுக்கு 2010ல கோயம்புத்தூர்ல இருந்து போன ஒரு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் கொஞ்சம் வரையறை வச்சுது: ஊர் உலகத்துக்கு முன்னாடி புருஷன் பொண்டாட்டி மாதிரி, கணிசமான காலம் வாழ்ந்திருக்கணும், ரெண்டு பேரும் சட்டப்படி கல்யாணம் பண்ணிக்கற நிலைமையில இருந்திருக்கணும், வாரக்கடைசில வந்து தங்கிட்டுப் போனதெல்லாம் கணக்குல வராது.

யார் மேல போடலாம்ங்கறதுல ஒரு வேடிக்கை இருந்துச்சு. சட்டம் எழுதினப்போ எதிர்மனுதாரர்னா வயசு வந்த ஆம்பளைன்னு எழுதிட்டாங்க. அதனால மாமியாரும் நாத்தனாரும் சேர்ந்து கொடுமை பண்ணா என்ன செய்யறதுன்னு வருஷக்கணக்கா வாதம் நடந்துச்சு. 2016 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் அந்த "வயசு வந்த ஆம்பளை"ங்கற வார்த்தையவே அடிச்சு எடுத்துடுச்சு. இப்போ மாமியார் மேலயும் போடலாம், வயசான மாமியார போட்டு வாட்டற மருமக மேல மாமியாரும் போடலாம். ஆம்பளைங்க போட முடியாது. அது நியாயமான்னு கேக்கறவங்க இருக்காங்க, கேக்கட்டும், ஆனா 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல, தமிழ்நாட்டுல கல்யாணம் ஆன 18ல இருந்து 49 வயசு பொண்ணுங்கள்ல நூத்துக்கு 38 பேர் புருஷன்கிட்ட வன்முறைய அனுபவிச்சிருக்கோம்னு சொல்லிருக்காங்க, இந்தியா முழுக்க சேர்த்து அது 29தான். பெண்கள் படிப்புல முன்னாடி, வேலைக்குப் போறதுல முன்னாடின்னு பெருமை பேசற நம்ம ஸ்டேட் கணக்கு இது.

சரி, வன்முறைன்னா என்ன? சட்டம் நாலா பிரிக்குது, உடம்பு, செக்ஸ், பேச்சு மற்றும் மனசு, காசு. ஆனா இது புரியணும்னா அந்தப் படிவத்த ஒரு தடவ கையில எடுத்துப் பாக்கணும். படிவம் 1னு ஒண்ணு இருக்கு, குடும்ப நிகழ்வு அறிக்கை, எல்லாரும் டிஐஆர்னு சொல்லுவாங்க. அதுல ஒவ்வொண்ணா அச்சடிச்சிருக்கும், நமக்கு நடந்தத குறிக்கணும். அந்த அக்கா முதல் பக்கத்துல அடிச்சது, அறைஞ்சது, தள்ளினது எல்லாத்தையும் மடமடன்னு குறிச்சுட்டாங்க. அதுக்கு கீழ போக போக கை மெதுவாச்சு. வரதட்சணை கொண்டு வரலைன்னு குத்திப் பேசறது, ஆம்பளப் புள்ள பெக்கலைன்னு ஏசறது, வேலைக்குப் போக விடாம தடுக்கறது, வீட்ட விட்டு வெளிய போக விடாம பண்றது, செத்துடுவேன்னு சொல்லி மிரட்டறது. அப்புறம் காசுப் பக்கம்: செலவுக்குப் பணம் குடுக்காதது, சாப்பாடு மருந்து வாங்கித் தராதது, சம்பளத்த புடுங்கிக்கறது, வாடகை வீட்டுல வச்சுட்டு வாடகை கட்டாதது, வீட்டோட ஒரு பகுதிய பொழங்க விடாதது. அக்கா பேனாவ வச்சுட்டு என்னப் பாத்து, "ஏட்டி, இதெல்லாமா கேஸு?"ன்னாங்க. பதினொரு வருஷம் அவங்க சம்பள ஏடிஎம் கார்டு அவன் பர்ஸ்லதான் இருந்துச்சு, அத அவங்க ஒரு நாளும் கொடுமைன்னு நினைச்சதே இல்ல, குடும்பம்னா அப்படித்தான்னு நினைச்சிருக்காங்க.

இந்த சட்டத்துலயே எனக்கு ரொம்பப் பெருசா தெரியறது வீடு விஷயம்தான், அதனால இதுல கொஞ்சம் நீட்டிப் பேசறேன். சண்டை வந்தா முதல்ல வர்ற டயலாக் என்ன? "இது எங்க வீடு, வெளிய போடி." அந்த வீடு புருஷன் பேர்ல கூட இருக்காது, மாமனார் பேர்லயோ மாமியார் பேர்லயோ இருக்கும், இல்ல வாடகை வீடா இருக்கும். டிவி ஆக்ட் 17வது செக்‌ஷன் என்ன சொல்லுதுன்னா, சேர்ந்து வாழ்ந்த வீட்டுல அந்தப் பொண்ணுக்குப் பத்திரத்துல பேர் இருக்கோ இல்லையோ, அங்க இருக்கற உரிமை உண்டு, சட்டப்படியான வழியில இல்லாம அவங்கள வெளிய அனுப்ப முடியாது. கவனிங்க, சொத்து அவங்களுக்கு ஆகிடாது, இருக்கற உரிமைதான்.

இதுலயும் ஒரு திருப்பம் இருந்துச்சு. சட்டம் நடைமுறைக்கு வந்த சூட்டோட 2006 டிசம்பர்லயே சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புல மாமியார் பேர்ல இருக்கற வீடு சேர்ந்து வாழ்ந்த வீடு ஆகாது, புருஷனுக்கு சொந்தமோ, அவன் வாடகைக்கு எடுத்ததோ, அவனுக்குப் பங்கு உள்ள கூட்டுக் குடும்ப வீடோ இருந்தாதான் கேக்க முடியும்னுடுச்சு. அதுக்கப்புறம் என்ன, கேஸ் வந்ததும் "வீடு எங்கம்மா பேர்ல சார்"னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. இது மாற 14 வருஷம் ஆச்சு. 2020 அக்டோபர்ல மூணு ஜட்ஜ் பெஞ்ச் அந்தப் பழைய தீர்ப்பு தப்புன்னு சொல்லி, சொந்தக்காரங்க பேர்ல இருக்கற வீடா இருந்தாலும் அங்க நிரந்தரமா குடும்பம் நடத்திருந்தா அது சேர்ந்து வாழ்ந்த வீடுதான்னு சொல்லுச்சு. அதே தீர்ப்புல வயசான மாமனார் மாமியாருக்கும் நிம்மதியா இருக்க உரிமை இருக்கு, ரெண்டையும் சீர்தூக்கிப் பாக்கணும்னும் இருக்கு, அதனால சில சமயம் கோர்ட் வேற வீடு பாத்துக் குடு, வாடகைய நீ கட்டுன்னு புருஷனுக்கு ஆர்டர் போடும்.

எங்க அக்கா கதைக்கு வர்றேன். அவங்க இருந்தது மாமியார் பேர்ல இருக்கற வீட்டு மாடி போர்ஷன். வெளிய போன்னு வாயால சொன்னா வம்புன்னு யாரோ சொல்லிக் குடுத்திருப்பாங்க போல, அதனால சொல்லல, அதுக்கு பதிலா தெனமும் ராத்திரி பத்து மணிக்கு கொழுந்தன் கீழ மீட்டர் பொட்டில இருந்து மாடிக்குப் போற ஃப்யூஸ் கட்டைய புடுங்கிட்டுப் போயிடுவான். சித்திரை மாசம். ரெண்டு புள்ளைங்க. காலைல ஏழு மணிக்கு ஒண்ணுமே தெரியாத மாதிரி திருப்பி மாட்டுவான். மோட்டார் சுவிட்ச் மேல ஒரு பூட்டு. யார் மேலயும் கை வைக்கல, ஒரு கெட்ட வார்த்தை இல்ல. ஸ்டேஷன்ல போய் ஃப்யூஸ் புடுங்கறான்னு சொன்னா, இபி ஆபீஸ்ல சொல்லும்மான்னாங்க. அது மகளிர் ஸ்டேஷன்தான், அங்கயே அந்த பதில்.

படிவத்துல அந்த "வீட்டோட ஒரு பகுதிய பொழங்க விடாதது"ங்கற இடத்துலதான் இந்த ஃப்யூஸ் கட்டையும் மோட்டார் பூட்டும் போய் உக்காந்துச்சு. எழுதி வாங்கினது பாதுகாப்பு அலுவலர். இவங்க சமூக நலத்துறைல மாவட்டத்துக்கு இருக்கற அதிகாரி, பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல மாவட்ட சமூக நல அலுவலகத்துல உக்காந்திருப்பாங்க. டிஐஆர் எழுதறது, மனு போட உதவறது, இலவச சட்ட உதவிக்கு அனுப்பறது, தங்க இடம் இல்லன்னா இல்லம் ஏற்பாடு பண்றது, ஆர்டர் வந்தா அது நடக்குதான்னு பாக்கறது எல்லாம் இவங்க வேலை, காசு கேக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவங்கதான் போகணும்னு இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்களே இவங்ககிட்ட தகவல் சொல்லலாம், நல்ல எண்ணத்துல சொன்னவங்க மேல கேஸ் வராது. ஆனா நேர்ல பாத்தா மேடம் மேஜைல வேற நாலு திட்டத்தோட ஃபைலும் மலையா இருக்கும், ஒரு மாவட்டத்துக்கே ஒருத்தர்னா பாவம் அவங்களும் என்னதான் செய்வாங்க. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டே எல்லா மாநிலத்துக்கும் தாலுகா அளவு வரைக்கும் பாதுகாப்பு அலுவலர நியமிங்கன்னு உத்தரவு போட்டுச்சுன்னா நிலைமைய புரிஞ்சுக்கோங்க. அலுவலர் கிடைக்கலையா, டிஐஆர் இல்லாமயே நேரா வக்கீல் வச்சு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல மனு போடலாம், டிஐஆர் கட்டாயம் இல்லன்னு 2022லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

எந்த ஊர் கோர்ட்ல போடறதுன்னு நிறைய பேர் கேப்பாங்க. சம்பவம் நடந்த ஊர், அவன் இருக்கற ஊர், நீங்க இப்போ இருக்கற ஊர், எதுல வேணும்னாலும் போடலாம், தற்காலிகமா தங்கிருக்கற இடமா இருந்தாலும் பரவால்ல. சென்னைல அடி வாங்கிட்டு தென்காசில அம்மா வீட்டுல வந்து உக்காந்திருந்தா தென்காசிலயே போடலாம், சென்னைக்கு பஸ் ஏற வேண்டியது அவன்தான். நடந்து ஒரு வருஷம் தாண்டிடுச்சே, இனி போட முடியாதேன்னும் சிலர் பயமுறுத்துவாங்க, அந்த ஒரு வருஷக் கணக்கு இந்த மனுவுக்கு வராதுன்னும் 2022ல தீர்ப்பு வந்துடுச்சு, அதுவும் தமிழ்நாட்டுல இருந்து போன கேஸ்தான்.

வேகத்த பத்தி சட்டம் அழகா சொல்லுது. மனு போட்டு மூணு நாளைக்குள்ள முதல் விசாரணை, அதுல இருந்து 60 நாளைக்குள்ள முடிக்கப் பாக்கணும். பேப்பர்ல. வாய்தா வாய்தான்னு போய் வருஷக்கணக்குல இழுக்கற கேஸ்தான் நான் கோர்ட் பெஞ்சுல பாத்தது. அதனாலதான் 23வது செக்‌ஷன நெட்டுரு போட்டு வச்சுக்கோங்கங்கறேன், இடைக்கால உத்தரவு. மெயின் கேஸ் எப்போ முடியுமோ முடியட்டும், அதுவரைக்கும் அடிக்கக் கூடாது, வெளிய தள்ளக் கூடாது, மாசம் இவ்ளோ குடுன்னு இடைலயே ஆர்டர் வாங்கலாம், நிலைமை அவசரம்னா எதிர்ப்பக்கம் வர்றதுக்கு முன்னாடியே கூட தரலாம். மனு எழுதற வக்கீல்கிட்ட இடைக்கால மனுவையும் சேர்த்தே போடச் சொல்லணும், சிலர் மறந்துடறாங்க.

என்னென்ன ஆர்டர் கேக்கலாம்னா லிஸ்ட் பெருசு. வேலை பாக்கற இடத்துக்கு வந்து கலாட்டா பண்ணக் கூடாது, போன் பண்ணக் கூடாது, ஜாயின்ட் அக்கவுன்ட், லாக்கர தொடக் கூடாது, வீட்ட விக்கக் கூடாது, நகையையும் சீர் சாமானையும் திருப்பிக் குடுக்கணும், புள்ளைங்க தற்காலிகமா அம்மாகிட்ட இருக்கணும், ஆஸ்பத்திரி செலவு, மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடு. நிலைமை மோசம்னா புருஷன வீட்ட விட்டு வெளிய போகச் சொல்லியே ஆர்டர் போடலாம், ஆனா வீட்டுல இருக்கற பொம்பளைங்கள அப்படி வெளியேத்த முடியாது. மாசப்பணம் ஒழுங்கா வராதுன்னு தெரிஞ்சா அவன் வேலை பாக்கற கம்பெனிக்கே ஆர்டர் போட்டு சம்பளத்துல புடிச்சு நேரா இவங்களுக்கு அனுப்பச் சொல்லலாம், இது பல பேருக்குத் தெரியறதே இல்ல. எனக்கு சம்பளமே இல்லன்னு கையெழுத்து போட்டுட்டு கார்ல வந்து இறங்கறவங்களுக்காக, ரெண்டு பக்கமும் சொத்து வருமானக் கணக்க அஃபிடவிட்டா குடுக்கணும்னு 2020 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் கட்டாயமாக்கிடுச்சு.

ஆர்டர மீறினா? இங்கதான் சிவில் கேஸ் கிரிமினல் ஆகுது. பாதுகாப்பு ஆணை, அதாவது அடிக்கக் கூடாது, வேலை இடத்துக்கு வந்து கலாட்டா பண்ணக் கூடாதுங்கற மாதிரி ஆர்டர், அத மீறினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 20,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். போலீஸ் வாரன்ட் இல்லாம புடிக்கலாம், ஜாமீன் உரிமையா கிடைக்காது. அந்தப் பொண்ணோட சாட்சி ஒண்ண வச்சே கோர்ட் முடிவுக்கு வரலாம்.

பொய் கேஸ் போடறாங்களேன்னு ஒரு பேச்சு எப்பவும் வரும். போடறவங்க இருப்பாங்க, எந்த சட்டத்துலதான் இல்ல, செக் மோசடி சட்டத்துல இல்லையா. நான் நேர்ல அதிகமா பாத்தது பொய் கேஸ் இல்ல, போடாத கேஸ். 1992லயே தமிழ்நாட்டுல மகளிர் ஸ்டேஷன் வந்துடுச்சு, ஆனா இன்னிக்கும் போனா முதல்ல நடக்கறது காம்ப்ரமைஸ்தான், ரெண்டு குடும்பத்தையும் உக்கார வச்சு "இனிமே அடிக்க மாட்டேன்"னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கி அனுப்பிடறது. அந்தப் பேப்பருக்கு கோர்ட் ஆர்டர் மாதிரி எந்த பலமும் கிடையாது. ஆனா கிழிச்சுப் போடாதீங்க, ஜெராக்ஸ் எடுத்து வைங்க, புகார் குடுத்ததுக்கு ஸ்டேஷன்ல தர்ற சிஎஸ்ஆர் ரசீதும் கேட்டு வாங்குங்க, நாளைக்கு டிவி கேஸ்ல அதுவே ஆதாரம்.

ஆதாரம்னதும் ஒண்ணு. அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்றத மட்டும் விடுங்க. கேஸ் இல்ல, டிஐஆர் இல்லன்னு சொல்லி வைத்தியம் பாக்க மறுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, உண்மையச் சொன்னாதான் டாக்டர் அத எழுதுவாரு. காயத்த போட்டோ எடுங்க, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ அழிக்காதீங்க, ரேஷன் கார்டு, சமையல் கேஸ் புக், கல்யாண போட்டோ, நகை பில் இதெல்லாம் ஒரு காப்பி நம்பிக்கையான தோழி வீட்டுல இருக்கட்டும். அவசரத்துக்கு பெண்கள் உதவி எண் 181, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பாங்க. வக்கீலுக்குக் காசு இல்லன்னா இலவச சட்ட உதவி எண் 15100, இல்ல கோர்ட் வளாகத்துலயே இருக்கற சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ், பொண்ணுங்களுக்கு வருமான வரம்பு பாக்காம இலவசமா வக்கீல் குடுக்கணும், சம்பளம் வாங்கற பொண்ணா இருந்தாலும் சரி.

எங்க அக்காவுக்கு நாலாவது வாய்தால இடைக்கால உத்தரவு வந்துச்சு. மாடி போர்ஷன்ல இருந்து வெளியேத்தக் கூடாது, கரன்ட் தண்ணிய நிறுத்தக் கூடாது, மாசம் 9,000 ரூபாய். மெயின் கேஸ் இன்னும் நடக்குது, பணம் ரெண்டு மாசம் வந்து மூணாவது மாசம் நின்னு போய் அதுக்குத் தனியா ஒரு மனு போட்டிருக்காங்க. ஆர்டர் காப்பி இலவசமா தருவாங்க, ஒண்ணு ஸ்டேஷனுக்கும் போகும். அக்கா அவங்க காப்பிய ஜெராக்ஸ் எடுத்து, பாலிதீன் கவர்ல போட்டு, கீழ மீட்டர் பொட்டிக்குள்ள அந்த ஃப்யூஸ் கட்டைக்குப் பக்கத்துலயே செருகி வச்சிருக்காங்க.